சக்கரம் மாட்டிய வீடு

அக்கா முதலில் கேட்டது ஃபேன் இல்லை, லைட் இல்லை. உள்ளேயிருந்து போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள்.

"மத்ததெல்லாம் மெதுவா செய்டி. மொதல்ல இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பா போட்டுக் குடு" என்றாள்.

ஊரப்பாக்கத்தில் அப்பா எங்கள் இருவர் பெயரிலும் எழுதி வைத்த மனையில், வேலிக்காத்தான் புதருக்குள் பாதி மறைந்து கிடந்த அந்தப் பழைய வண்டியின் முன்னால் நின்றுகொண்டு சொன்னாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அவள் புருஷன் கதவை அறைந்து சாத்தியபோது அந்த விரல்கள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தன. தெரியாமல் நடந்துவிட்டது என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தெரியாமல் நடந்திருந்தால் அவள் அலறியதும் கதவைத் திறந்திருப்பான். அவன் கதவின் மேல் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறான்.

வண்டி என்கிறேனே தவிர அதற்கு எஞ்சின் கிடையாது. இரண்டு சக்கரம், முன்னால் வேறு வண்டியில் மாட்டி இழுக்க ஓர் இரும்பு வளையம், மேலே அலுமினியத் தகடு போர்த்திய ஒரு சின்ன அறை. ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் தங்குவதற்காக யாரோ அந்தக் காலத்தில் ஆசையாகச் செய்தது. ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தியபோது ஒரு காண்ட்ராக்டர் ஜல்லி கொட்டுவதற்கு எங்கள் நிலத்தை வாடகைக்கு எடுத்தார். அவருடைய ஆள் ஒருவர் அதில்தான் தங்கியிருந்தார். வேலை முடிந்ததும் ஜல்லியை ஒரு கல் விடாமல் அள்ளிக்கொண்டு போனார்கள், வண்டியை விட்டுவிட்டார்கள். அப்பா இருந்தவரை அதில் உர மூட்டை அடுக்கினார். நிலம் மனைகளாகப் பிரிந்து விற்றுப்போன பிறகு கரையானும் எலியும் குடியிருந்தன. தெருவில் எல்லோரும் அதைக் கேரவன் என்பார்கள். நாங்கள் புதரை வெட்ட ஆரம்பித்த அன்றே எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் கேட்டுவிட்டார்.

"இன்னா அக்கா, ஷூட்டிங்கா? ஹீரோயினி யாரு?"

"இவங்கதான்" என்று அக்காவைக் காட்டினேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவர் சோடா பாட்டில்களை எண்ணப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம் என்பது அண்ணியின் கண்டுபிடிப்பு. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஒர்க்‌ஷாப் லேப் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். வெல்டிங் ராடைக் கை நடுங்காமல் பிடிப்பது எப்படி, இரும்பு அறுக்கும் கிரைண்டரை எந்தப் பக்கம் நின்று ஓட்டுவது என்று பசங்களுக்குக் காட்டிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவேன். அதே வீட்டுக்குத்தான் அக்காவும் வந்திருக்கலாம். வந்தும் இருக்கிறாள். அதுதான் பிரச்சனை.

அக்கா இதற்கு முன்னால் அடிபட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரே மாதிரிதான் நடந்தது. கொஞ்ச நாள் விட்டு, அவன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவான். அண்ணன் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போடுவார். காபி வரும். "இனிமே கை நீட்ட மாட்டாரு" என்று ஒருவர் சொல்வார். "கோவத்துல நடந்துபோச்சு" என்று இன்னொருவர். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேசி முடித்ததும் தட்டில் புடவை, வாழைப்பழம், மல்லிகைப்பூ. பூ வைத்துத்தான் அனுப்புவார்கள். கடைசி முறை அண்ணி பூ வைக்கத் தலையைத் தொட்டபோது அக்கா பல்லைக் கடித்தாள். முடிக்கு அடியில் மண்டை வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தின் மேல்தான் பூ இருந்தது. எல்லோரும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

அதனால் இந்தத் தடவை விரல் உடைந்ததும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் செய்தாள். "அந்த வூட்டுப் படி ஏறினா திரும்பவும் பூ வச்சு அனுப்பிடுவாங்கடி. நம்ம மனையில ஒரு கொட்டா போட்டாவது இருந்துக்கறேன்" என்றாள். வாடகை வீடும் பார்த்தோம். ஊரப்பாக்கத்தில் டு லெட் போர்டு தொங்காத தெரு இல்லை. இரண்டு பெண்கள் போய் நின்றால் முதல் கேள்வி, "சார் எங்க வேலை பாக்குறாரு?" சார் இல்லை என்றதும் மாடியில் தண்ணீர்ப் பிரச்சனை வந்துவிடும். அப்படித்தான் வண்டியைக் கையில் எடுத்தோம்.

முதல் வேலை இடிப்பது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. உள்ளே பலகையெல்லாம் கரையான் தின்று காலால் உதைத்தாலே உதிரும் நிலையில் இருந்தது. நான் காலால்தான் உதைத்தேன். மிச்சத்தைக் கடப்பாரையால் பிய்த்தேன். ஒவ்வொரு பலகைக்கும் அவன் முகத்தை நினைத்துக்கொண்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. அலமாரிக்குப் பின்னால் ஓர் எலிக்கூடு, கண் திறக்காத குஞ்சுகள். அக்கா அவற்றை ஒரு பேப்பரில் அள்ளிக்கொண்டு போய்ப் புதரோரம் வைத்துவிட்டு வந்தாள். நானாக இருந்தால் மிதித்திருப்பேன்.

அடியில் இருந்த போல்ட்டுகள் துருவேறி ஸ்பேனருக்கு மசியவில்லை. கிரைண்டர் உள்ளே நுழையாததால் அதன் காப்புத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நுழைத்தேன். ஒரு மாணவன் இப்படிச் செய்தால் ஒர்க்‌ஷாப்பை விட்டே துரத்துவேன். சுழன்ற வட்டு இரும்பில் மாட்டிக்கொண்டு வெடித்தது. ஒரு துண்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது, இன்னொன்று என் முன்கையில் செருகி நின்றது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அக்கா அதைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய நைட்டியைக் கிழித்துக் கட்டினாள். இரண்டு விரல் கட்டோடு இன்னொரு கட்டுப் போடுவது சுலபமில்லை.

"ஏன்டி இப்படி முரட்டுத்தனமா பண்ற? இரும்பு உன்ன இன்னாடி பண்ணுச்சு?"

"இரும்பு ஒண்ணும் பண்ணல."

நான் புது வட்டு மாட்டினேன்.

தாழ்ப்பாள் போடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த வண்டியில் பூட்டு வெளிப்பக்கம்தான் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கதவுச் சட்டம் உளுத்த மரம், அதில் ஸ்க்ரூ அடித்தால் ஓர் உதைக்குப் பெயர்ந்து வந்துவிடும். மரத்தை எடுத்துவிட்டு எல் ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து, வண்டியின் எலும்புக்கூட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்தேன். தாழ்ப்பாளும் கடையில் வாங்கியதில்லை. கட்டைவிரல் பருமனில் கம்பி வெட்டி, கொக்கி வளைத்து, குழாய்க்குள் ஓடும்படி நானே செய்தது. அக்கா உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள். வெளியிலிருந்து என்னை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். "இன்னும் பலமா" என்றாள். தோளால் மோதினேன். வண்டியே ஆடியது, கதவு ஆடவில்லை. "சரி, இனிமே ஃபேன் போடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாகவே இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். கூரை ஒழுகிய இடங்களில் பழைய ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துப் புதிதாக அடித்து, மேலே சிலிகான் பசை பூசினோம். அலுமினியக் கூரை மே மாத வெயிலில் தோசைக்கல்தான். அதனால் உட்பக்கம் தெர்மகோல் வைத்துப் பலகை அடித்தேன், வெளியே வெள்ளை அடித்தோம். மடக்குக் கட்டில் இரண்டு. வண்டி ஓடும்போது திறந்துகொள்ளாதபடி பழைய இழுப்பறைகளுக்கு ஒரு பித்தளைக் கொக்கி இருந்தது, அதை எண்ணெய் போட்டு மீட்டோம். பேட்டரி வைத்து இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு சின்ன ஃபேன். அக்கா ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்துப் போட்டாள். நானும் அண்ணன் வீட்டு மாடியைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்துவிட்டேன். காலையில் அவள் டீ போட்டுக் கொடுப்பாள், குடித்துவிட்டு நான் காட்டாங்குளத்தூருக்குக் கிளம்புவேன். கட்டை அவிழ்த்த பிறகும் அந்த விரல்கள் மடங்கவில்லை. டம்ளரை மூன்று விரலால் பிடிப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் வந்தான். கூடுவாஞ்சேரியில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன். டிராக்டரும் டேங்கரும் சொந்தம். அன்றைக்கு பைக்கில் வந்தான், குடித்துவிட்டு வந்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தோம்.

"இன்னாடி, தகர டப்பாக்குள்ள பூந்துகினா வுட்டுருவேனா? வெளிய வாடி!"

அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் கதவைக் குத்தினான், உதைத்தான். பிறகு எங்கேயோ கிடந்த செங்கல்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அடிக்கும் அலுமினியத் தகடு உட்பக்கம் புடைத்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து கட்டில் மேல் கொட்டியது. எனக்குக் காது அடைத்தது, கை துறுதுறுத்தது. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"தெறக்காத. சொல்றேன்ல, தெறக்காத."

"வுடுக்கா, ஒரே அடி."

"தெறந்தா அவன் ஜெயிச்சிருவான்டி. பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. அவன் அடித்து அடித்துக் களைத்து, எங்கள் அம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் திட்டி முடித்து, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். தெருவில் அத்தனை வீட்டிலும் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். துளிகூட வளையவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். "வேணாம்டி. கதவு நின்னுச்சு, அது போதும்" என்றாள்.

மறுநாள் அண்ணன் வந்தார். தங்கையின் வீட்டை ஒருவன் செங்கல்லால் அடித்தான் என்று கேள்விப்பட்டு வந்தவர், புடைத்த தகட்டைத் தடவிப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பையிலிருந்து போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தார்.

"வாசல் தெற்குப் பாத்து இருக்கு. எமன் திசை. பொம்பளைங்க தனியா இருக்கிற எடம், இப்படி இருந்தா சண்டை வராம இன்னா வரும்? கெழக்குப் பாத்துத் திருப்புங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் எறிந்திருப்பேன். "அவன் செங்கல்ல எடுத்தது எந்தத் திசையில இருந்துண்ணா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா யோசனையில் ஆழ்ந்துவிட்டாள். அண்ணன் போன பிறகு, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வூட்டு வாசலும் தெற்குதான்டி."

அத்தனை வருஷம் வாங்கிய அடிக்கு அவள் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தாள். அவனை விட்டால் திசைதான் கையில் கிடைத்தது. திருப்பிவிடலாம் என்றேன்.

சாதாரண வீடாக இருந்தால் வாசலை இடித்து வேறு பக்கம் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது. ஆனால் டயர் மக்கி, ரிம் மண்ணுக்குள் இறங்கி, அச்சு இறுகிப் போயிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினேன். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவி, கிரீஸ் அடைத்தேன். பழைய டயர் கடையில் அளவுக்குப் பொருந்துகிற இரண்டு டயர் கிடைத்தது. முன்னால் இருந்த வளையத்தையும் துரு போகத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். ஒரு வேலையை அரைகுறையாக விட எனக்கு வராது. கட்டையை எடுத்ததும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தள்ளியே அது திரும்பியது. இவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்த வண்டி சத்தமே இல்லாமல் உருண்டதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா கிழக்குப் பார்த்த வாசலில் கோலம் போட்டாள், பால் காய்ச்சினாள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தோம். அதோடு விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நான் கூடுவாஞ்சேரி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். வாசலுக்கு முன்னால் சின்னதாக ஒரு பந்தல் போட இரும்புக் குழாய் தேவைப்பட்டது. ஆளுயரத்தில் நான்கு துண்டு வெட்டி வாங்கி, ஸ்கூட்டரில் கயிறு கட்டி வைத்துக்கொண்டு திரும்பினேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்பேன். எதிரே எங்கள் வீடு வந்துகொண்டிருந்தது.

முன்னால் டேங்கர் இல்லாத டிராக்டர், அதன் மேல் அவன். பின்னால் வெள்ளை அடித்த வண்டி, குழியில் இறங்கி ஏறி, பக்கத்துக்குப் பக்கம் குலுங்கிக்கொண்டு வந்தது. உடைந்த ஜன்னலில் மஞ்சள் திரை வெளியே பறந்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. வார்த்தை இல்லை, வெறும் கத்தல்.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், ஞாயிறு தவிர தினமும் டேங்கர் டிராக்டர் வரும். அக்கா சத்தம் கேட்டு அதுதான் என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து, படுத்திருந்திருக்கிறாள். அவன் டிராக்டரைப் பின்னால் எடுத்து வந்து, செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வளையத்தைத் தூக்கி மாட்ட முடியாமல் திணறியிருக்கிறான். பெட்டிக்கடைக்காரர்தான் ஒரு கை கொடுத்துத் தூக்கியிருக்கிறார். "வூட்டுக்காரரு வந்து இட்டுனு போறாரு, நல்லதுதானேன்னு நெனச்சேன்க்கா" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அக்கா எழுந்து கதவைத் திறப்பதற்குள் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறக்க முடியாதவன் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போனான். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள்.

நான் ஸ்கூட்டரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். நிறுத்துவான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், நன்றாகப் பார்த்தான், ஹார்ன் அடித்தான், நிறுத்தவில்லை. கடைசி நிமிஷத்தில் குதித்தேன். டிராக்டரின் முன் சக்கரம் ஸ்கூட்டரைச் சாய்த்து ஏறியது. ஹேண்டில்பார் உடைந்த சத்தம் கேட்டது, கண்ணாடி, பிளாஸ்டிக், கடைசியில் ஏதோ இரும்பு அடியில் சிக்கி எஞ்சின் திணறி நின்றது. பின்னால் வண்டி அதே வேகத்தில் வந்து டிராக்டரில் இடித்தது. உள்ளே என்னென்னவோ உருண்டு விழுந்தன. அக்காவின் கத்தல் நின்றுவிட்டது.

"நடுவுல நீ யார்றீ? என் பொண்டாட்டிய நான் இட்டுனு போறேன்" என்றான் மேலே உட்கார்ந்தபடி.

கயிறு அறுந்து குழாய்கள் ரோட்டில் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். முதல் அடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் நாம் நினைப்பது போல் இல்லை, ஈர விறகு மாதிரி மந்தமாகத்தான் கேட்கிறது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாகச் சரிந்து இறங்கினான். நான் சுற்றிக்கொண்டு போனேன். முழங்காலில் அடித்தேன், விழுந்தான். முதுகில் அடித்தேன். தோளில், தொடையில். அவன் "யம்மா" என்று கத்தியது என் காதுக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கிரைண்டரும் கடப்பாரையும் சுத்தியலும் இத்தனை நாள் இதற்குத்தான் ஒத்திகை என்று தோன்றியது.

இப்போது ஜனம் ஓடி வந்தது. ஒரு பெண் உள்ளே அலறிக்கொண்டு போனபோது வழி விட்டு நின்றவர்கள், அவன் அடி வாங்கியதும் நான்கு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டார்கள்.

"யம்மா, அடிக்காதம்மா! செத்துகித்துப் போயிடப் போறாரு!"

"பொம்பளயா இவ? போலீஸ கூப்புடுபா!"

"புருஷன் பொண்டாட்டி விஷயம்மா, நீ ஏன் நடுவுல வர்ற?"

நாலைந்து பேர் போனில் படம் பிடித்தார்கள். கிட்டே வரத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. நான் குழாயை ஓங்கிக்கொண்டே இருந்தேன்.

மிச்சக் கதையை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்டேஷனுக்குப் போனோம். மைத்துனி கையால் அடிபட்டேன் என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு வெட்கம். டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னான், அதனால் என் மேல் கேஸ் வரவில்லை. அக்கா அவன் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, இனி அவனோடு வாழ மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் தட்டும் பூவுமாக யாரையும் அழைத்து வரவில்லை. வண்டியை மனைக்குக் கொண்டு போய்ச் சேர்த்ததும் சக்கரங்களைக் கழற்றி விற்றேன், வளையத்தை அறுத்துப் போட்டேன், நான்கு மூலைக்கும் கான்கிரீட் போட்டு நிறுத்தினேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள், தையல் மிஷின் வைத்திருக்கிறாள், ஆர்டர் வருகிறது. அவன் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. பெட்டிக்கடைக்காரர் என்னை இப்போது "மேடம்" என்கிறார். முதுகுக்குப் பின்னால் ரவுடி என்கிறார்களாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்றைக்கு ரோட்டில் நடந்த இன்னொன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் படம் பிடித்தவர்களுக்கும் அது தெரியாது, அவர்கள் கீழே கிடந்தவனைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மறுபடி ஓங்கியபோது குழாய் பின்னால் எதிலோ மாட்டிக்கொண்டது. திரும்பினேன். அக்கா அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மடங்காத விரல்கள் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போதும் வுடு" என்றாள்.

"வுடமாட்டேன். நீ தள்ளிப் போ."

"போதும்னு சொல்றேன்டி. அடி வாங்கினவ நான். எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும். இதுக்கு மேல அடிச்சா செத்துருவான்."

குரலில் அழுகை இல்லை, இரக்கம்கூட இல்லை. உப்பு போதும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். குழாயை விட்டேன், அவள் அதைக் கீழே போட்டாள். எங்கள் காலடியில் அவன் முனகிக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் உள்ளுக்குள் ஏதோ நிறைந்து வழிந்தது. முடிந்தது, இனி இவள் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். ரத்தம் அவள் கண்ணுக்குள் இறங்கப் பார்த்தது. அதைத் துடைத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு, குனிந்து ஒடுங்கினாள்.

"அக்கா, நான்தான்" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை.